ஒட்டில்லாத இருபத்திரண்டு கிலோமீட்டர்

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒரு கண்ணாடி இழை லைன் திறக்கிற அன்று, இரண்டு முனையிலும் இருக்கிற நோடுகளை, அதாவது லைன் வந்து சேருகிற இயந்திர அறைகளை, ஒரே போன் அழைப்பில் சேர்ப்பார்கள். எல்லார் காதும் கேட்க, அளந்தவர் வாயைத் திறந்து, இந்த நோடிலிருந்து அந்த நோடு வரை இவ்வளவு தூரம், அளந்தது நான், தூரம் சரி என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் லைனில் ஊரார் பேச்சு ஓடும். காகிதத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம், நாலு பேர் காதில் விழுந்த குரலை அழிக்க முடியாது என்று எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவானோ வைத்த ஏற்பாடு அது.

அளக்கிற வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் அதைச் சொல்லி வருகிறாள். அதனால் ஆபீசில் அவளுக்கு மீட்டரக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வீட்டில் மட்டும் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் அவள் இன்னும் பாப்பா. காதோரம் நரை இறங்கி, முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிற பாப்பா. கோபம் மட்டும் அன்றுபோலவே மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது.

அவள் வேலை சொல்வதற்குச் சுலபம். ஒளியை ஒரு முனையில் இழைக்குள் தட்டி விட்டால், போகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். இழையை ஒட்டிச் சேர்த்த இடத்தில் ஒரு சின்னச் சறுக்கல் தெரியும். இழை முடிகிற இடத்தில் பெரிய முட்டு. ஒளி போய்த் திரும்பிய நேரத்தை வைத்து, எத்தனையாவது மீட்டரில் என்ன இருக்கிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும் பெட்டி ஒன்று உண்டு. பெட்டி கோட்டைத்தான் போடும். கோடு என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்வது மீட்டரக்காவின் பாடு.

அன்று காலை இக்கரை நோடு அறையில், ஏசி காற்று நேராகப் பிடரியில் அடிக்கிற இடத்தில், ஒரு சக்கரம் போன நாற்காலியைச் சுவரோடு முட்டுக்கொடுத்து உட்கார்ந்து அவள் புது லைனை அளந்தாள். அக்கரையில் இருக்கிற ஊருக்கு இரண்டாவது லைன். முதல் லைன் பாலத்து வழியாகப் போகிறது, ஒன்பது கிலோமீட்டர். இரண்டாவது லைன் பாலத்தையே தொடாமல், அணையைச் சுற்றி மலை ஏறி இறங்கி வர வேண்டும், முப்பத்தொரு கிலோமீட்டர். ஒன்று அறுந்தால் இன்னொன்று என்பதுதான் ஏற்பாடு. அக்கரைக்காரர்கள் கத்திக் கூப்பாடு போட்டு வாங்கிய லைன் அது.

கூப்பாட்டுக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் பாலத்தின் நடுவே ஒரு லாரி எரிந்தது. அடியில் போன கேபிள் மெழுகாக உருகி, அக்கரை ஊர் முழுக்க ஒரு பகல் பூராவும் ஊமையாகிப் போனது. அந்தப் பகலில்தான் மீட்டரக்காவின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு விட்டுப்போய், நகர முடியாமல், கையில் போன் இருந்தும் யாரையும் கூப்பிட முடியாமல், ஈரத் தரையில் கிடந்தாள். அண்ணன் வேலை முடிந்து வந்து கதவை உடைக்கிற வரை ஒரே நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தாளாம். உயிர் பிழைத்தாள். அன்றிலிருந்து கைத்தடி.

மலை வழி லைனைப் போடும் வேலையை எடுத்தது அந்த அண்ணனேதான். ஒரு காலத்தில் கேபிள் சுற்றி வருகிற பெரிய டிரம்மை உருட்டி, பிறகு சொந்தமாக ஆள் வைத்துக் குழி வெட்டி, ஊரில் பெரிய ஒப்பந்தக்காரராக நிமிர்ந்தவர். "இது அம்மாவுக்காகப் போடற லைன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டு மீட்டரக்காவுக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

பெட்டி கோட்டைப் போட்டு முடித்தது. முப்பத்தொன்று. தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

"என்னக்கா, டாண்ணு முப்பத்தொன்னு வருது. அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

அவள் கோட்டைப் பெரிதாக்கினாள். அடுத்து, பழைய பாலத்து லைனின் கோட்டை எடுத்து அதற்கு மேலேயே போட்டாள்.

"சார், இங்க பாருங்க. பாலத்துல லாரி எரிஞ்சப்ப, கருகின துண்டை வெட்டி எடுத்துட்டுப் புதுத் துண்டு வெச்சோம். துண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஒட்டு, இந்தப் பக்கம் ஒரு ஒட்டு. கோட்டுல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு படி மாதிரி இறங்குது பாருங்க. நான் அளந்து கொடுத்த ஒட்டு, எனக்கு நல்லாத் தெரியும்."

"சரி, அது பழைய லைன்."

"புது லைன்லயும் அதே ரெண்டு படி. அதே தூரத்துல. பாலத்துப் பக்கமே போகாத லைனுக்கு எப்படி சார் பாலத்துத் தீக்காயம்?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கடம் வந்தால் அவர் கண்ணாடியைத்தான் துடைப்பார்.

"இன்னொண்ணும் இருக்கு. கேபிள் நாலு நாலு கிலோமீட்டர் டிரம்மாத்தான் வருது. நாலுக்கு ஒரு ஒட்டு விழுந்தே ஆகணும். இதுல ஒம்பதுக்கு அப்புறம் முப்பத்தொன்னு வரைக்கும் ஒட்டே இல்ல. மலை மேல இருபத்திரண்டு கிலோமீட்டரை ஒரே மூச்சுல இழுத்த மகராசன் யாரு?"

"உங்க அண்ணன்தானே? கெட்டிக்காரர்னு சந்தோஷப்படுங்க."

"சார், என் காதுல பூ சுத்தாதீங்க. அக்கரை நோடுல எங்கயோ ஒரு சுருள் உட்கார்ந்திருக்கு. பாலத்துக் கேபிள்ல சும்மா கிடந்த இழையை எடுத்து, அதோட முனையில இருபத்திரண்டு கிலோமீட்டர் சுருளை மாட்டி, அளந்தா முப்பத்தொன்னு வர்ற மாதிரி பண்ணியிருக்காங்க. மலையில ஒரு முழம்கூட லைன் இல்ல."

சுருள் என்பது ஒரு வாளி அளவுதான் இருக்கும். முடி மாதிரி மெல்லிய இழை, உறை இல்லாமல் சுற்றிச் சுற்றி வைத்தால் இருபத்திரண்டு கிலோமீட்டர் ஒரு அலமாரித் தட்டில் அடங்கிவிடும். அதையும் நாலு நாலு கிலோமீட்டராக வெட்டி ஒட்டியிருந்தால் பாதிப் பொய்யாவது தப்பியிருக்கும். அவ்வளவு பாடு எதற்கு என்று முழுச் சுருளை அப்படியே மாட்டியிருந்தார்கள். திருட்டு வேலையிலும் சோம்பல்.

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முடிவெடுத்துவிட்ட முகம்.

"பெட்டியில முப்பத்தொன்னு வருது. ஒப்பந்தத்துல முப்பத்தொன்னுன்னு இருக்கு. என் வரைக்கும் கணக்கு சரி. நாளன்னைக்கு டைரக்டர் திறக்க வர்றாரு. நீங்க தூரம் சரின்னு சொல்றீங்க. உங்களுக்கும் உங்க அண்ணனுக்கும் ஏதாவது மனஸ்தாபம்னா அதை வீட்ல வெச்சுக்கோங்க. அண்ணன் தங்கச்சி சண்டையை ஆபீசுக்குக் கொண்டுவராதீங்க."

இதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வேறு எவன் போட்ட லைனாக இருந்தாலும் அவள் சொன்னால் அது அளவு. அண்ணன் போட்டது என்பதால் அது குடும்பச் சண்டை. இனி டைரக்டரிடம் நேரில் போய் நின்றாலும் இதையேதான் கேட்பார்கள். அவள் பெட்டியை மூடி, ஒயரைச் சுருட்டி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலமே பாலத்தைத் தாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

வாசலில் காலி கேபிள் டிரம் ஒன்றைப் படுக்கப் போட்டு மேசையாக்கி வைத்திருந்தார் அண்ணன். அதன் மேல் பெயின்ட் அடித்து, கண்ணாடி பதித்து, வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டிப் பெருமைப்படுவார். அம்மா அதன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, கைத்தடியால் கொசுவை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடி பாப்பா. நாளன்னைக்கு என்னைய நோடு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறானாம் உங்க அண்ணன். முதல் வரிசையில நாற்காலியாம். உன் குரல் அங்க ஸ்பீக்கர்ல வருமாமே? மூக்கால பேசாத. கணீர்னு சொல்லு."

"சொல்றேம்மா" என்றாள். அம்மாவின் கையில் தடி வழவழவென்று ஆகியிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, அண்ணனைத் தேடிப் பின்பக்கம் போனாள்.

அண்ணன் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தார். மூலையில் முனை மழுங்கிய துளையிடும் கம்பிகள் குவிந்து கிடந்தன. அவளைப் பார்த்ததும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"சுருள் எங்கண்ணா இருக்கு? ரேக்குக்குப் பின்னாலயா, பேட்டரி அலமாரியிலயா?"

"வந்ததும் வராததுமா ஏன் எகிறுற?"

"எங்க இருக்கு?"

அண்ணன் ஷெட் கதவைச் சாத்தினார். முகம் சுண்டிப் போனது. பொய் சொல்லிப் பழகாத மனுஷன். அதனால் பொய்யைத் தொடரவும் தெரியவில்லை.

"பேட்டரி அலமாரியில" என்றார். "பாறைடி பாப்பா. அணையைத் தாண்டினா மலை முழுக்க ஒரே பாறை. அந்தக் கம்பிங்களைப் பாரு, எல்லாம் பல்லு போச்சு. மிஷின் ரெண்டு தடவை படுத்துடுச்சு. திறப்பு தேதி குறிச்சுட்டாங்க. முடியலைன்னு சொன்னா என்னைத் தூக்கிக் கடாசிட்டு வேற ஆளைப் போடுவாங்க. நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இந்த ஊர்ல நடக்கறது? பாலத்துக் கேபிள்ல கடைசி ரெண்டு இழை, ரோஸும் நீலப்பச்சையும், சும்மாதானே கிடந்துச்சு."

"அதனால?"

"ஒரு வருஷம் பொறு. சத்தமில்லாம மலை வேலையை முடிச்சுட்டு, சுருளைக் கழட்டி எறிஞ்சுடறேன். யாருக்கு நஷ்டம்?"

"அதுக்குள்ள பாலத்துல இன்னொரு லாரி எரிஞ்சா?"

"வருஷா வருஷம் லாரி எரியுமாடி?"

"போன வருஷம் எரியும்னு எவனாவது சொன்னானா? அம்மா தரையில கிடந்தது உனக்கு மறந்தே போச்சா?"

"அம்மாவை இதுல இழுக்காத." அண்ணனின் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்கக் கோபப்பட்டார். "அப்பா போனப்புறம் உன்னைப் படிக்க வெச்சது யாரு? குழியில இறங்கி டிரம் உருட்டி ஃபீஸ் கட்டினது யாரு? அண்ணனுக்காக ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் என்ன வெந்தா போகும்?"

அவளுக்கு அழுகை வந்தது. அண்ணன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வலித்ததே அதனால்தான். ஆனால் அவள் அழுதுகொண்டே சண்டை போடுகிற ரகம்.

"நீதாண்ணா படிக்க வெச்ச. அதனாலதான் எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்தா விஷயம் தெரியுது. தெரியாம இருக்கணும்னா அன்னிக்கே பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியிருக்கணும். நீயே போய்ச் சொல்லிடு. பாறை இருக்கு, இன்னும் டைம் வேணும்னு. நான் உன் பக்கம் நின்னு பேசறேன்."

"முடியாது."

"அப்ப நானும் சொல்ல முடியாது."

"சொல்லுவ" என்றார் அண்ணன். மெதுவாகத்தான் சொன்னார். "அம்மா முதல் வரிசையில உட்கார்ந்திருப்பா. அவ எதிர்ல என்னைக் குப்பையில தள்ள உனக்கு மனசு வராது."

உள்ளே தடி தரையைத் தட்டியது. "அண்ணனும் தங்கச்சியும் அங்க என்ன குசுகுசுன்னு?" என்றாள் அம்மா. இருவரும் கப்சிப் என்று ஆனார்கள். சின்ன வயதில் ஜன்னலை உடைத்துவிட்டு நின்ற மாதிரியே நின்றார்கள்.

மறுநாள் மீட்டரக்கா யாரோடும் பேசவில்லை. மேனேஜர் இரண்டு தடவை வந்து முகத்தைப் பார்த்தார். அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, போகும்போது காபி வாங்கி அனுப்பினார். அதை அவள் வாஷ்பேசினில் கொட்டினாள்.

திறப்பு நாள் காலையில் ஆபீஸ் ஜீப் டிரைவர் வழக்கம்போல இக்கரை நோடுப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

"அங்க இல்ல. பாலத்துக்குப் போ."

"திறப்பு நோடுலதானேக்கா?"

"எனக்குப் பாலத்துல."

டிரைவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். பெண்டாட்டி முகத்தைப் பார்த்துப் பார்த்தே புத்தி வந்த மனுஷன்.

பாலம் தொடங்குகிற இடத்தில், நடைபாதை ஓரம், கேபிள் குழியின் இரும்பு மூடி இருந்தது. இருவரும் சுற்றி மஞ்சள் கூம்புகளை வைத்துவிட்டு, கம்பியைக் கொடுத்து நெம்பினார்கள். உள்ளே முழங்கால் அளவு அழுக்குத் தண்ணீர். கைப் பம்பால் இறைத்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மீட்டரக்கா பேன்ட்டை மடித்துவிட்டுக் குழிக்குள் இறங்கி, சுவரில் மாட்டியிருந்த ஒட்டுப் பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சின்னக் குடம் மாதிரி கறுப்புப் பெட்டி. திறந்தால் தட்டுத் தட்டாக இழைகள். ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒவ்வொன்றும் முடி கனம். நீலத்திலும் ஆரஞ்சிலும் அக்கரை ஊரின் அத்தனை பேச்சும் அந்த நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. அவற்றின் பக்கம் அவள் மூச்சுக்கூட விடவில்லை. ரோஸ் நிற இழையை மட்டும் தட்டிலிருந்து பூப்போல எடுத்தாள்.

"அக்கா, எனக்கு வேலை போயிடாதே?" என்றார் டிரைவர்.

"உனக்குப் போகாது. எனக்குத்தான் போகும். அந்தப் போனை ஸ்பீக்கர்ல போட்டு இப்படி வை."

போன் இரும்பு மூடியின் மேல் உட்கார்ந்தது. அக்கரை நோடில் கூட்டம் கூடியிருப்பது சத்தத்திலேயே தெரிந்தது. நாற்காலி இழுபடும் ஒலி, யாரோ இருமுகிற ஒலி, மைக்கைத் தட்டுகிற ஒலி. மேனேஜர் டைரக்டரை வரவேற்றார். ஒப்பந்தக்காரரைப் புகழ்ந்தார். ஊருக்கு இனி கவலையே இல்லை என்றார். கைதட்டல். அந்தக் கைதட்டலில் தன் அம்மாவின் கையும் இருக்கும் என்று நினைத்தபோது மீட்டரக்காவுக்குப் பல் நறநறத்தது.

"இப்ப எங்க வழக்கப்படி, லைனை அளந்தவங்க தூரம் சொல்லுவாங்க. மீட்டரக்கா, சொல்லுங்க."

"சொல்றேன் சார். இக்கரை நோடுல இருந்து அக்கரை நோடு வரைக்கும், ரெண்டாவது லைன். மலை வழி. அளந்தது நான்." நிறுத்தினாள். "தூரம் சொல்றதுக்கு முன்னாடி, டைரக்டர் சார்கிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க முன்னாடி டிவியில ரெண்டாவது லைனுக்கு வெளிச்சம் வருதா?"

"வருதும்மா. பச்சையா இருக்கு" என்றார் டைரக்டர். புதிதாக ஏதோ செய்து காட்டப்போகிறார்கள் என்ற சந்தோஷம் குரலில் இருந்தது.

இழை வளைந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். அறுக்க வேண்டாம், உடைக்க வேண்டாம், சின்னதாக ஒரு சுற்றுப் போதும். அவள் ரோஸ் இழையைச் சுண்டு விரலில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"இப்ப?"

ஸ்பீக்கரில் பீப் பீப் என்று எச்சரிக்கை மணி அடித்தது. கூட்டம் சலசலத்தது.

"சிவப்பாயிடுச்சே! வெளிச்சம் இல்லைன்னு வருதே!"

"சார், நான் இப்ப எங்க நிக்கறேன் தெரியுமா? பாலத்துல. குழிக்குள்ள. உங்க மலை லைன் என் சுண்டு விரல்ல சுத்தியிருக்கு."

டைரக்டர் முட்டாள் இல்லை.

"மலை வழியாப் போற லைன் பாலத்துல எப்படி வந்துச்சு?"

"சார், சின்ன டெக்னிக்கல் கோளாறு" என்று குறுக்கே பாய்ந்தார் மேனேஜர். "மீட்டரக்கா, இழையை விடுங்க. இது ஆபீஸ் சொத்து. விசாரணைக்குப் போகும், சொல்லிட்டேன்."

"போகட்டும் சார். விசாரணையில பேட்டரி அலமாரியையும் திறந்து பாருங்க. அங்க ஒரு சுருள் இருக்கும். அதுதான் உங்க மலை."

"பாப்பா." அண்ணனின் குரல். மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், மூச்சோடு கேட்டது. "பாப்பா, விரலை எடு. எல்லாரும் பார்க்கறாங்க. உன் கால்ல வேணும்னாலும் விழறேன், எடுடி."

தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை நடந்த அண்ணன். விரலை எடுத்தால் ஒரு நொடியில் பச்சை வந்துவிடும். கோளாறு சரியாயிற்று என்று எல்லாரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எடுத்துவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தாள். கண்ணீர் மூக்கு நுனி வழியே வழிந்து ஒட்டுப் பெட்டியில் சொட்டியது.

"நீ சொல்லுண்ணா" என்றாள். "என் வாயால வேண்டாம். நீ போட்ட லைன், நீயே சொல்லு. எவ்வளவு தூரம்?"

அதற்குப் பதிலாகத் தடி தரையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு ஊன்றலாக மைக்கை நோக்கி வந்தது.

"பாப்பா, நான்தான். எனக்கு இந்தப் பச்சையும் சிவப்பும் ஒண்ணும் விளங்கலை. விளங்கற மாதிரி சொல்லு."

"அம்மா, மலை வழியா லைன் போடவே இல்லம்மா. ரெண்டு லைனும் பாலத்து வழியாத்தான் வருது. பாலம் போனா ரெண்டும் சேர்ந்து போயிடும்."

"அன்னிக்கு மாதிரியா?"

"அன்னிக்கு மாதிரியேதான்."

அம்மா மைக்கை விட்டு விலகவில்லை. அவள் திரும்பி யாரைப் பார்த்தாள் என்பது போனில் தெரியவில்லை, கேட்டது மட்டும் பாலத்துக் குழி வரைக்கும் வந்தது.

"நீ என்கூட ஒரே வீட்லதானேடா இருக்க?"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை.

"பாறைம்மா" என்றார் அண்ணன். பெரிய ஒப்பந்தக்காரர் குரல் இல்லை அது. "தோண்ட முடியலைம்மா."

"பாறைன்னு சொல்ல வேண்டியதுதானே? சொன்னா உன்னை யாரு தலையைச் சீவப் போறாங்க? ராத்திரி நான் தண்ணி கேட்டா எழுந்து வந்து கொடுக்கறவன், என்னை மறுபடியும் அந்தத் தரையில போடத் துணிஞ்சியே."

அண்ணன் அழுதார். மைக் அதையும் விடவில்லை. பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கூட்டத்துக்கே சொன்னார்: "ஒம்பது கிலோமீட்டர். பாலத்து வழி. மலையில ஒண்ணும் இல்ல."

டைரக்டர் தொண்டையைச் செருமினார். இந்த லைன் இன்றைக்குத் திறக்கப்படாது என்றார். மலை வேலை எங்கே நின்றிருக்கிறதோ அதை நேரில் வந்து பார்ப்பேன், பாறைக்கு ஏற்ற மிஷினுக்கு வழி செய்வோம், ஒப்பந்தக்காரரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு என்றார். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார் என்று மீட்டரக்காவுக்குப் பார்க்காமலே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் குரல் வந்தது, இந்தத் தடவை கெஞ்சலாக.

"அதான் எல்லாம் சொல்லியாச்சேக்கா. மணி காதைக் குடையுது. விரலை எடுங்க."

"எடுக்காதடி" என்றாள் அம்மா.

"அம்மா, அதான் சொல்லிட்டாங்களே..."

"சொல்றதுக்கு என்ன, போன வருஷமும்தான் சொன்னாங்க. எடுக்காத."

அண்ணன் மறுபடி மைக்குக்கு வந்தார். "வேற ஆளைப் போட்டா போடட்டும். நாளைக்கு மலைக்கு மிஷினை ஏத்தறேன். இத்தனை பேர் முன்னாடி சொல்றேன். இப்பவாவது அவளை எடுக்கச் சொல்லும்மா."

"நீ போய் ஏத்துடா" என்றாள் அம்மா. "அவ அப்புறம் எடுப்பா."

குழியின் விளிம்பில் குந்தியிருந்த டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மீட்டரக்காவுக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. பாலத்தில் ஒரு லாரி போக, குழிச் சுவர் அதிர்ந்தது. சுண்டு விரல் சிவந்து மரத்துப் போயிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.